யூதர் இல்லங்களில் அமானிதம் காத்த கைகள்

குன்னம் வட்டத்தில், வெள்ளாற்றின் கரையில் அமைந்துள்ள லெப்பைக்குடிக்காட்டின் தெருக்களில் நின்று, வீட்டுக்கு வீடு ஆண்மக்கள் எங்கே என்று கேட்டால், விடை பெரும்பாலும் கடல் கடந்தே வரும். துபை, குவைத், சவூதி, சிங்கப்பூர் என்று பெயர்கள் அடுக்கப்படும். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்ற, வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் மண் கைவிடும். மண் கைவிட்டவர்களுக்குக் கடல் வழி காட்டியது. இவ்வாறு புறப்பட்டுச் சென்றவர்கள் எல்லாரும் தம் சமயத்தாரிடமே பணி செய்தார்களா? இல்லை. சீனர் கடைகளிலும், ஆங்கிலேயர் தோட்டங்களிலும், செட்டியார் பெட்டிகளிலும், மார்வாடி நிறுவனங்களிலும் பணியாற்றித் தம் குடும்பத்தை நிமிர்த்திய தமிழ் முஸ்லிம்கள் பல்லாயிரவர்.

வேற்றுச் சமயத்தாரின் இல்லத்தில், அதுவும் அவர்தம் சமய வாழ்வின் உள்முற்றத்தில், ஒரு முஸ்லிம் பணிக்குச் சேர்ந்து அங்கேயே தன் வாழ்வை அமைத்துக்கொள்வது தகுமா? தகுமாயின் எந்த நெறியில்? இந்த வினாவை மிகக் கடினமான ஓர் உரைகல்லில் உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யூதர்களின் நிறுவனங்களே அந்த உரைகல். அமெரிக்காவில் யூதச் சிறுவர்களுக்கெனக் கோடைதோறும் நடைபெறும் முகாம்களில் அயல்நாட்டு இளைஞர்களும் பணிக்குச் சேர்கின்றனர். ஒரு பருவத்துக்கென வந்து ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுவோரும் உண்டு. அமெரிக்காவில் இது புதிய செய்தியாக இருக்கலாம். நம் நாட்டிலோ இதற்கு நெடிய வரலாறு இருக்கிறது.

1948க்குப் பின் யூதர் என்ற சொல்லே நம் உள்ளங்களில் பாலஸ்தீனத்தின் துயரத்தை எழுப்புகிறது. அத்துயரத்தை மறந்தோ மறைத்தோ இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆயினும் ஓர் அரசின் செயலையும் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றையும் வேறு பிரித்து அறிவது வரலாறு கற்பவனின் முதற் கடமை. அந்தக் கடமையில் தவறினால், நம் முன்னோர் செய்த நற்செயல்களையும் நாமே மறந்தவர்களாவோம்.

மதீனத்து முன்மாதிரி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வுலகை நீத்த வேளையில், அவர்களுடைய போர்க்கவசம் மதீனாவின் யூதர் ஒருவரிடம் அடகில் இருந்தது; குடும்பத்தின் உணவுக்காக வாங்கிய முப்பது ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக அது வைக்கப்பட்டிருந்தது என்று புகாரீ தொகுப்பு தெரிவிக்கிறது. வசதி படைத்த தோழர்கள் பலர் இருந்த ஊரில், அண்ணலார் ஒரு யூதரிடம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள் என்பது சிந்தனைக்குரியது.

ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களைப் பற்றித் திர்மிதீ தொகுப்பில் வரும் அறிவிப்பு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கடுங்குளிர் நாள் ஒன்றில் பசியோடு வெளியே சென்ற அலீ (ரலி), தன் தோட்டத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்த யூதர் ஒருவரைக் கண்டார்கள். வாளிக்கு ஒரு பேரீச்சம்பழம் கூலி என்று பேச்சாயிற்று. உள்ளங்கை நிறையும் அளவுக்குப் பழம் சேரும்வரை இறைத்தார்கள். போதும் என்று வாளியைத் திருப்பித் தந்தார்கள். பழங்களை உண்டு, நீர் அருந்தி, பள்ளிவாசலுக்குத் திரும்பினார்கள். இங்கே கூலி முன்னரே பேசி முடிக்கப்பட்டது. வேலை அளந்து செய்யப்பட்டது. கூலி முழுமையாகக் கிடைத்தது. கொடுத்தவரின் சமயமோ பெற்றவரின் சமயமோ ஒப்பந்தத்தின் இடையே புகவில்லை. பணி என்பதன் அறத்தை இவ்வளவு எளிமையாகக் காட்டும் நிகழ்ச்சிகள் சிலவே.

இப்பணியுறவு ஒரு திசையில் மட்டும் ஓடியதும் அன்று. குர்துபாவில் மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அரசவையில் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்ற யூதர் மருத்துவராகவும் தூதுப் பணியாளராகவும் உயர்ந்தார். எகிப்தில் சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்காளீ அல்ஃபாளிலின் ஆதரவில் மருத்துவம் புரிந்தவர், யூதப் பேரறிஞர் மூஸா இப்னு மைமூன். அவருடைய தம்பி தாவூது வணிகத்துக்காக இந்தியாவை நோக்கிக் கப்பலேறி, இந்தியப் பெருங்கடலில் மூழ்கி மாண்டார். நம் கடல் இந்த வரலாற்றில் எப்போதும் உண்டு.

கொல்லத்துச் செப்பேடும் அஞ்சுவண்ணமும்

அக்கடலின் கரைக்கு வருவோம். கி.பி. 849இல் வேணாட்டின் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் திருக்கோயிலுக்குச் சில உரிமைகளை வழங்கினார். வட்டெழுத்தில் பொறித்த அச்செப்பேட்டின் இறுதியில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன. கூஃபீ எழுத்தில் முஸ்லிம்கள், பஹ்லவி எழுத்தில் பாரசீகர், எபிரேய எழுத்தில் யூதர் என்று ஒரே ஏட்டில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். அந்தத் திருக்கோயிலுக்கு வழங்கிய உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மேலைக் கடல் வணிகர்களின் குழுவே அஞ்சுவண்ணம். ஒரு சமயத்தாரின் சொத்தைப் பிற சமயத்தாரும் கலந்த குழுவிடம் காவலுக்கு விடுவது அக்காலத்தில் இயல்பாக இருந்தது.

கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூசுஃப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேட்டிலும் இதே அஞ்சுவண்ணம் பேசப்படுகிறது. பின்னர் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த தீர்த்தாண்டதானபுரத்துக் கல்வெட்டில், பாண்டி நாட்டுக் கிழக்குக் கரையில், அச்சொல் மீண்டும் வருகிறது. இன்றும் குமரி மாவட்டத்துத் தக்கலையில் ஞானியார் பீர் முஹம்மது அப்பா அவர்களின் அடக்கத்தலத்தைப் பேணும் தமிழ் முஸ்லிம்களின் சங்கம் அஞ்சுவண்ணம் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. கொச்சி யூதர் போற்றிய பட்டயத்தில் உள்ள ஒரு சொல், தமிழ் முஸ்லிம்களின் சங்கப் பெயராக வாழ்கிறது! சென்னை மண்ணடியின் பவழக்காரத் தெருவுக்கும் இத்தகைய கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பவழம் இறக்கி வைரம் ஏற்றிய யூத வணிகர்களால் அமைந்த பெயர் அது. இன்று அத்தெருவைச் சுற்றி வாழ்வோரில் தமிழ் முஸ்லிம்கள் பலர்.

பொம்மாவின் பெயர்

செப்பேடுகளில் அரசரும் தலைவரும் வணிகரும் ஒப்பமிடுவர். பணியாளன் ஒப்பமிடுவதில்லை. அவனுடைய பெயரை எங்கே தேடுவது? தற்செயலாக ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடம் உண்டு. இறைவனின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்ற அச்சத்தால், யூதர்கள் பழந்தாள்களைக் குப்பையில் எறியாமல் அங்கே ஓர் அறையில் போட்டுவைத்தனர். கெனிஸா எனப்படும் அவ்வறையில் நூற்றாண்டுகளாகத் தாள்கள் சேர்ந்தன. 1896-97ஆம் ஆண்டுகளில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அவற்றுள் மிகப் பெரும் பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். திருமண ஒப்பந்தங்கள், கடைக் கணக்குகள், கடிதங்கள் என்று ஒரு முழு உலகமே அவற்றுள் இருந்தது. அவற்றுள் மிகப் பலவும் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதியவை. தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி என்னும் அரபுத்தமிழை வளர்த்த நமக்கு இது விளங்காத வியப்பன்று. பேச்சு ஊருடையது, எழுத்து மறையினுடையது.

அக்கடிதங்களில் ஆபிரகாம் பென் யீஜூ என்ற வணிகரின் வாழ்வு வெளிப்பட்டது. இன்றைய துனீசியாவின் மஹ்திய்யா நகரத்தவரான அவர், 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூர்ப் பகுதியில் வாழ்ந்தார்; அங்கே வெண்கலப் பட்டறை ஒன்றை நடத்தினார்; பட்டறையில் பாத்திரங்கள் செய்தோர் நம் நாட்டு வினைஞர்கள். ஏடனிலிருந்து பழைய செம்பும் உடைந்த பாத்திரங்களும் வரும். உருக்கி வார்த்த புதிய கலங்கள் திரும்பிச் செல்லும். மிளகும் பாக்கும் உடன் செல்லும்.

இந்த வணிகத்தில் பென் யீஜூவின் வலக்கரமாக விளங்கியவன் பொம்மா. அவன் அடிமையாயிருந்தான். எனினும் முதலாளியின் பணத்தையும் பண்டத்தையும் நம்பி ஒப்படைக்க, ஏடனுக்குக் கப்பலேறிச் சென்று கணக்கு முடித்து வந்தான். ஏடன் நகரத்துப் பெருவணிகர்கள் பென் யீஜூவுக்கு எழுதிய கடிதங்களில் பொம்மாவுக்கும் ஸலாம் சொல்லி அனுப்பினர். கெனிஸா ஆய்வில் தம் வாழ்நாளைச் செலவிட்ட எஸ். டி. கோய்டைன் இக்கடிதங்களை வெளிக்கொணர்ந்தார். 1992இல் வெளியான தம் நூலில் அமிதவ் கோஷ் அந்தப் பணியாளனைத் தேடிச் சென்று, அவன் துளு நாட்டைச் சேர்ந்தவனாயிருக்கலாம் என்று கருதினார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு யூதரிடம் பணிபுரிந்த தென்னாட்டான் ஒருவனின் பெயரை இன்று நாம் சொல்ல முடிகிறது. எதனால்? ஒரு தாளைக் கிழித்து எறியாமல் வைத்திருந்ததனால்!

பம்பாயும் கல்கத்தாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. பக்தாதின் ஆளுநர் தாவூது பாஷாவின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய டேவிட் சஸூன், 1830களின் தொடக்கத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். பருத்தியும் அபினியும் அவர் குடும்பத்தைப் பெருஞ்செல்வராக்கின. பைகுல்லாவில் மாகேன் டேவிட் தொழுகைக்கூடமும், புனாவில் ஓஹெல் டேவிட் தொழுகைக்கூடமும் அவர் பொருளில் எழுந்தன. 1875இல் சஸூன் துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் அக்குடும்பத்தின் நூற்பாலைகளில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். அபினி வணிகம் சீன மக்களுக்கு இழைத்த கேட்டை வரலாறு மறைக்கவில்லை. அச்செல்வத்தின் ஒரு பகுதி பள்ளிகளாகவும் மருத்துவமனைகளாகவும் இம்மண்ணில் நின்றுவிட்டதையும் அது மறைக்கவில்லை.

1948க்குப் பின் யூதர்கள் இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பெயர்ந்தனர். வகுப்பறைகள் வெறிச்சோடின. அந்த இருக்கைகளை நிரப்பியவர்கள் நாக்பாடா, பைகுல்லா, மஜகாவ் பகுதிகளின் முஸ்லிம் சிறுவர்கள். யூதச் சிறுவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட சர் ஜேக்கப் சஸூன் பள்ளியிலும், 1875இல் பெனே இஸ்ரேல் சமூகத்தவரான ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் தொடங்கிப் பின்னர் சர் எல்லி கதூரியின் பெயரைப் பெற்ற பள்ளியிலும் பயில்வோரில் பெரும்பான்மையர் முஸ்லிம்கள் ஆயினர்.

கல்கத்தாவின் கதை இன்னும் உருக்கமானது. 1798இல் அலெப்போவைச் சேர்ந்த ஷாலோம் கோஹன் அங்கே குடியேறினார். அவரைத் தொடர்ந்து பக்தாத் யூதர்கள் பெருகினர். இரண்டாம் உலகப் போரின் போது, பர்மாவிலிருந்து வந்த அகதிகளையும் சேர்த்து ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அங்கிருந்தனர். இன்று எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். 1856இல் எழுந்த பெத் எல், 1884இல் எழுந்த மாகேன் டேவிட் முதலிய மாபெருந் தொழுகைக்கூடங்கள் நிற்கின்றன. தொழுவதற்குப் பத்து ஆடவர் கூடுவதே அரிது. அக்கூடங்களின் சாவியை வைத்திருப்போர் யார்? ஒடிஸாவின் பூரி மாவட்டத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து பணிபுரியும் முஸ்லிம் குடும்பத்தினர்! விளக்குகளைத் துடைப்பதும், தளத்தைக் கழுவுவதும், வருவோரின் தலையை மறைக்கத் தொப்பி எடுத்துக் கொடுப்பதும் அவர்கள். பணி முடிந்தபின் தம் தொழுகையை நிறைவேற்றுவதும் அவர்களே. தந்தை ஓய்வுபெற மகன் வந்த குடும்பங்கள் அவர்களிடையே உண்டு.

1881இல் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளியிலும் இதுவே நிலை. யூத மாணவியர் இல்லாத அப்பள்ளியில் பெரும்பான்மையர் முஸ்லிம் சிறுமியர். பள்ளியின் சின்னத்தில் நபி தாவூது (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் விண்மீன் இன்றும் இருக்கிறது. 1902இல் தொடங்கப்பட்ட நஹூம் ரொட்டிக்கடை, புதுச் சந்தையில் இன்றும் நடக்கிறது. அதன் அடுப்படியில் நெடுங்காலமாக மாவு பிசைந்தவர்களிலும் முஸ்லிம்கள் பலர்.

கொச்சியின் தையற்கடை

1568இல் கட்டப்பட்ட பரதேசித் தொழுகைக்கூடம் அமைந்துள்ள மட்டாஞ்சேரித் தெருவில், 1980களின் தொடக்கத்தில், பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டுவிட்டு, சுற்றுலாப் பயணிகளுக்குப் படத் தபாலட்டை விற்றுத் திரிந்தார் தாஹா இப்ராஹீம். தபாலட்டைகளை வைத்துக்கொள்ள அவருக்குத் தம் வீட்டில் இடம் தந்தவர் ஜேக்கப் கோஹன். அவர் மனைவி சாரா கோஹன், யூதர் அணியும் கிப்பா என்னும் குல்லாய்களையும், அவர்கள் ஓய்வுநாளில் ரொட்டியின்மேல் போர்த்தும் துணிகளையும் கையால் பூவேலை செய்து விற்று வந்தார். சிறுவர் தாஹா உதவிக்குச் சென்றார், தையல் பழகினார், நாளடைவில் அக்கடையே அவர் தொழிலாயிற்று. 1999இல் ஜேக்கப் கோஹன் மறைந்தபோது, மக்கட்பேறு இல்லாத சாராவைக் கவனிக்கும் பொறுப்பு தாஹாவிடம் வந்தது. இருபது ஆண்டுகள் அவரும் அவர் மனைவியும் சாராவைத் தாயைப் போல் பேணினர். 2019 ஆகஸ்ட் 30ஆம் நாள் தம் 96ஆம் வயதில் சாரா மறைந்தார். கடை தொடர்ந்தது, அவர் வாழ்ந்த வீடு நினைவகமாயிற்று. முஸ்லிம் ஒருவரின் கைகள் யூதச் சடங்குக்குரிய துணிகளைத் தைத்தன. அதனால் அவர் ஈமான் குறைந்துவிடவில்லை.

சாவியும் கூலியும்

இவ்வரலாற்றை வெறும் இனிப்பாகப் பரிமாறுவது நேர்மையாகாது. பொம்மா ஓர் அடிமை. ஆலைத் தொழிலாளி நாள் முழுவதும் பஞ்சுத் தூசியை உண்டவன். தொழுகைக்கூடங்களின் சுவர்களில் பொருள் கொடுத்தோரின் பெயர்கள் சலவைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. நூறாண்டாக அக்கல்லைத் துடைத்தவனின் பெயர் எங்கும் இல்லை. உரிமையாளர் கப்பலேறிச் சென்றுவிட்டால், பணியாளனின் முதுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எல்லா இடத்திலும் நல்ல விடை கிடைத்ததாகச் சொல்ல முடியாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழியின் பொருள் இங்கேதான் சுடுகிறது. அமானிதம் இருபுறமும் உண்டு. சாவியைக் காப்பது பணியாளனின் அமானிதம். அவன் வாழ்வைக் காப்பது உரிமையாளனின் அமானிதம்.

அந்த அமானிதத்தைச் சிதைக்க முயன்ற நாளும் வந்தது. 2008 நவம்பர் 26ஆம் நாள் மும்பையில் புகுந்த கொலையாளர்கள், கொலாபாவில் உள்ள நரிமன் இல்லம் என்ற யூத நிலையத்தில் இளம் ரப்பி கேப்ரியல் ஹோல்ட்ஸ்பர்கையும் அவர் மனைவி ரிவ்காவையும் விருந்தினரையும் கொன்றனர். அவர்களின் இரண்டு வயதுக் குழந்தையைத் துணிந்து தூக்கிக்கொண்டு வெளியேறியவர் அங்கே பணிபுரிந்த ஸாண்ட்ரா சாமுவேல். அன்று அவ்வில்லத்தில் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தோரில் அங்கே வேலை பார்த்த முஸ்லிம் ஊழியரும் ஒருவர். மார்க்கத்தின் பெயரைச் சொல்லி வந்த துப்பாக்கி, அங்கே உழைத்த முஸ்லிமையும் விட்டுவைக்க வரவில்லை. மும்பை முஸ்லிம்கள் தம் அடக்கத்தலத்தில் அக்கொலையாளர்களுக்கு இடமில்லை என்று மறுத்தனர். எவர் தம்மைச் சேர்ந்தவர், எவர் அல்லர் என்பதை அந்த மறுப்பு உலகுக்கு அறிவித்தது.

ஆகவே, நாம் எழுப்பிய வினாவுக்கு வரலாறு தரும் விடை இது: எவரிடம் பணிபுரிகிறோம் என்பதைவிட, எப்படிப் பணிபுரிகிறோம், எதைச் செய்ய மறுக்கிறோம், நம்பி ஒப்படைத்ததை எப்படித் திருப்பிக் கொடுக்கிறோம் என்பவையே ஒரு முஸ்லிமின் பணியை அளக்கும் கோல்கள். அந்தக் கோலால் அளந்தால் கல்கத்தாவின் காவலாளர்களும் கொச்சியின் தாஹாவும் தாழ்ந்தவர்கள் அல்லர்.

இன்னொரு கடமையையும் இவ்வரலாறு நம்மீது சுமத்துகிறது. இறைவனின் பெயருள்ள தாளை மிதிக்கவோ எறியவோ கூடாது என்ற பேணுதல் நம் வீடுகளிலும் உண்டு. ஆயினும், கடல் கடந்து உழைத்த பாட்டனாரின் கடிதக் கட்டு, கடைக் கணக்கேடு, பழைய கடவுச்சீட்டு, சம்பளச் சீட்டு ஆகியவற்றை வீடு இடிக்கும்போது பழந்தாள் வணிகருக்கு எடை போடுகிறோம். பிஸ்மியோடும் ஸலாத்தோடும் தொடங்கும் கடிதங்கள் அவை! லெப்பைக்குடிக்காட்டிலிருந்து புறப்பட்டவர் எவரிடம் உழைத்தார், என்ன கூலி பெற்றார், எந்தச் சாவி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை அத்தாள்களே சொல்லும். ஊர்தோறும் பள்ளிவாசல் நிர்வாகமோ நூலகமோ ஒரு பேழையை வைத்து இவற்றைச் சேர்க்கத் தொடங்கலாம். பேரனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். பாட்டி இன்னும் இருக்கிறார். யார் எழுதிய கடிதம், எந்த ஊர் என்று கேட்டு உறையின்மேல் குறித்துவைக்க இதுவே காலம்.